புழுங்கல் அரிசி சொல்லும் பாடம்



நாம் உண்ணும் சோறு சக்தியாக மாறுவதில் பெரும்பங்கு, நம் உயிரணுக்களுக்குள் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சிக்கு உண்டு. 1937-இல் இதனை விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ், 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த அடுப்பு எந்நேரமும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. உயிரணுவில் சக்தி போதிய அளவு சேர்ந்துவிட்டால், அதுவே முக்கிய நொதிகளைத் தடுத்துத் தணலைக் குறைக்கிறது. நாம் ஓடினால், பாரம் தூக்கினால், தசையில் வெளிப்படும் கால்சியம் அதே நொதிகளைத் தூண்டிவிடுகிறது. தேவைக்கேற்ற எரிப்பு, வீண்செலவு இல்லை!

சுழற்சியின் வாசலில் ஒரு நொதியும் உள்ளே ஒரு நொதியும் இயங்குவதற்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், கட்டாயம் வேண்டும். அது குறைந்தால், வயிறு நிறைய உண்டாலும் நரம்பும் இதயமும் சக்தியின்றித் தவிக்கும். அதுதான் பெரிபெரி நோய்.

அந்நாளைய மலாயாவில் இந்நோய் ஏராளமான உயிர்களைக் குடித்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது அதிகம் அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907-இல் நூலாக எழுதினார். வெள்ளை அரிசியில் நஞ்சு இருப்பதாக அவர் எண்ணினார். உண்மையில் இருந்தது நஞ்சல்ல, குறை! நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தயமினைப் பிரித்தெடுக்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழங்கதைதானே என்று நினைக்காதீர்கள். அன்று நம்மவரைக் காத்தது சோறு. இன்று சிலரைக் கெடுப்பது மது. அளவின்றிக் குடிப்பவர்கள் சரியாக உண்பதில்லை. உண்டாலும் தயமினை உடல் ஏற்பதை மது தடுக்கிறது. அப்படிப்பட்டவர் நடை தள்ளாடினால், பார்வை இரட்டையானால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், "போதை தெளிந்ததும் சரியாகிவிடும்" என்று படுக்க வைத்துவிடுகிறோம். அது மூளை சக்தியின்றித் தவிக்கும் அடையாளமாகவும் இருக்கலாம். தயமின் ஊசியை உடனே போட்டால் மீளலாம். தாமதித்தால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

ஆகவே நேயர்களே, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடும்ப மானத்தைவிட உயிர் பெரிது.