கட்டுரையின் நீளமும் மதிப்பெண்ணும்

(தென்காசியில் மாணவர் பரிசளிப்பின்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் சாரல் பொழியும் இந்நாளில் பிள்ளைகளை அருவிக்கு விடாமல் நெடுநேரம் அமர்த்தி வைப்பது முறையன்று. ஆயினும் சென்ற வாரம் ஒரு தந்தையார் கேட்ட வினாவிற்கு இங்கே விடை கூற விழைகின்றேன். "ஐயா, என் மகள் கட்டுரையை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறாள். மற்றப் பிள்ளைகள் கூடுதல் தாள் வாங்கி எழுதுகிறார்கள். இவளுக்கு மதிப்பெண் குறையாதா?" என்றார் அவர்.

அவ்வச்சம் வீணானதன்று. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வில் 2005-ஆம் ஆண்டு 25 நிமிடக் கட்டுரை சேர்க்கப்பட்டது. எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மன் என்னும் ஆசிரியர், வெளியிடப்பெற்ற மாதிரிக் கட்டுரைகளையும் அவற்றின் மதிப்பெண்களையும் ஒப்பிட்டார். நீளம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடியிருந்தது. செய்திப் பிழைகள் அதனைக் குறைக்கவில்லை. அக்கட்டுரை 2016-இல் விருப்பப் பகுதியாகி, 2021-இல் பெரும்பாலும் கைவிடப்பட்டது. நம் குடிமைப்பணி முதன்மைத் தேர்விலோ கட்டுரை ஒவ்வொன்றிற்கும் 1,000 முதல் 1,200 சொற்கள் என எல்லை வகுத்துள்ளனர்.

யானும் விடைத்தாள் திருத்தியவனே. ஒரு மாலை, கண் சோர்ந்த வேளையில், தடித்த விடைத்தாள் ஒன்றைக் கண்டதும் மனம் அதன்பால் சாய்ந்தது. நிறைய மதிப்பெண் இட்டபின் ஐயுற்று மீண்டும் படித்தேன். நான்காம் பக்கத்தில் இருந்தது இரண்டாம் பக்கமே. சொற்கள் மட்டும் மாறியிருந்தன. எண்ணைக் குறைத்தேன். அன்று காலையில் ஒரு பக்க விடை ஒன்றிற்குக் கைச்சிக்கனமாக இட்டதும் அப்போது நினைவிற்கு வந்தது. அந்தக் கட்டோ என் கையைவிட்டுப் போயிருந்தது. அப்பிள்ளை யாரென அறியேன், இன்றும் உறுத்துகின்றது.

நம் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணுகையில், மிகுத்துச் சொல்வதற்கும் முன்னதாகக் குறைத்துச் சொல்வதையே வைத்தார். சுருக்கத்தை அழகென்று போற்றியவரும் அவரே. ஆகவே 'சுருக்கமே சிறப்பு' என்று சொல்லி அத்தந்தையாரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் மகளின் கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். தலைப்பு நீர் மேலாண்மை. 'குளங்களைத் தூர்வார வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். "எந்தக் குளத்தை, அம்மா?" என்றேன். சிற்றாற்று நீர் வரும் தன் ஊர்க் குளத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள்: மடை பழுதானது, வரத்துக்கால் தூர்ந்தது, கடைமடை வயல் காய்ந்தது, தாத்தா நெல்லை விட்டு உளுந்து விதைத்தது. "இவற்றையெல்லாம் ஏன் எழுதவில்லை?" என்றேன். "இதெல்லாம் கட்டுரையில் எழுதலாமா, ஐயா?" என்றாள்.

எழுதி வந்தாள். இரண்டேகால் பக்கம். ஒரு வரியையும் என்னால் அடிக்க இயலவில்லை.