நீருக்குக் கீழேயுள்ள பலகை

பாய் விரித்துச் செல்லும் கலத்தைக் கரையில் நின்று நோக்குவோரின் கண் பாயிலும் பாய்மரத்திலுமே தங்கிவிடுகின்றது. கலத்துக்கு உடையவனின் கவலையோ எவர் கண்ணுக்கும் தெரியாத அடிப்பலகையைப் பற்றியது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கலத்தைக் கரையேற்றி அப்பலகையைப் பார்த்தாலன்றி அவனுக்கு உறக்கம் வராது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. கொலம்பசு தம் நான்காவது பயணத்தில் நான்கு கப்பல்களோடு புறப்பட்டார். இரண்டை வழியிலேயே கைவிட்டார். எஞ்சிய இரண்டும் புழு அரித்துச் சல்லடையாகிவிட, இறைக்க இறைக்க நீர் ஏறியது. 1503 ஆம் ஆண்டு யூன் மாதம் அவற்றை யமேக்காத் தீவின் கரையில் ஏற்றி நிறுத்திய அவரும் அவருடைய மாலுமிகளும், மீட்சி கிடைக்கும்வரை ஓராண்டு அங்கேயே கிடந்தனர்.

புழு என்று அழைக்கப்பட்டாலும் அது உண்மையிற் புழுவன்று. மட்டி, சிப்பி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. ஊசிமுனையளவான துளையினூடாக இளம்பருவத்தில் மரத்துள் நுழையும் அவ்வுயிர், தலைப்பக்கத்திலுள்ள இரு சிறு ஓடுகளை அரமாகக் கொண்டு மரத்தைக் குடைந்தவாறே உள்ளே நீண்டு வளர்கின்றது. நுழைந்த துளை பெரிதாவதில்லை. ஆகவே, வெளியே செம்மையாகத் தோன்றும் பலகை உள்ளே கூடாகிவிட்டிருக்கும். அடித்துப் பார்த்தாலோ குத்திப் பார்த்தாலோ மட்டுமே உண்மை தெரியவரும். நன்னீரில் இவ்வுயிர் நெடுநாள் வாழமாட்டாது. இதனை அறிந்த பண்டைய மீகாமர், வாய்ப்புள்ள இடங்களிற் கலத்தை ஆற்று முகத்துள் கொண்டுபோய் நிறுத்தினர். இந்து சமுத்திரக் கலங்களின் அடிப்புறத்துக்குச் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசும் வழக்கமும் இருந்தது.

18 ஆம் நூற்றாண்டிற் பிரித்தானியக் கடற்படையினர் வேறொரு வழி கண்டனர். 1761 இல் ‘அலாம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதையும் மெல்லிய செப்புத் தகட்டினாற் போர்த்து, புழு மலிந்த மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர். திரும்பி வந்தபோது பலகை பழுதின்றி இருந்தது. ஆனால், செம்பு தொட்ட இடங்களிலெல்லாம் இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த கடதாசி ஆணிக்கும் செம்புக்கும் இடையே தவறுதலாக விடப்பட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாயிருந்தன! இரு உலோகங்கள் உவர்நீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால், அவற்றுள் ஒன்று அழியும் என்பதை இவ்வாறு ஒரு கடதாசித் துண்டு காட்டிக் கொடுத்தது.

இதே இயல்பைச் செம்புக்குக் காவலாக்க முயன்றார் சேர் அம்பிரி டேவி. சுரங்கத் தொழிலாளரின் விளக்கினாற் புகழ்பெற்ற அவர், 1824 இல் துத்தநாகத்தையும் வார்ப்பிரும்பையும் செப்புத் தகட்டோடு பொருத்திக் காட்டினார். அவை அரிந்தன, செம்பு தேயவில்லை. அறிவியல் நோக்கில் இது வெற்றியே. ஆனால், அவ்வாறு காக்கப்பட்ட கப்பல்களின் அடியிற் பாசியும் கொட்டலசும் அடர்ந்து ஒட்டிக்கொண்டன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாவதனாலேயே உயிர்கள் ஒட்டாதிருந்தன. கரைவு நின்றதும் காவலும் நின்றது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

இன்று படகின் அடியிற் பூசப்படும் மைகள் பெரும்பாலும் இந்தக் கரைவையே நம்பியுள்ளன. அவற்றுட் செம்பின் சேர்வை உண்டு. 1960 களில் அதனினும் வலிய நஞ்சாகத் தகரத்தின் சேதனச் சேர்வைகள் வந்தன. படகுக்காரர் மகிழ்ந்தனர், சிப்பி வளர்ப்போர் அழுதனர். 1970 களிற் பிரான்சின் ஆர்க்காசோன் குடாவிற் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982 இல் அந்நாடு சிறு கலங்களில் அம்மைகளைத் தடுக்கத் தொடங்கியது. 2001 இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்து, எல்லாக் கப்பல்களுக்கும் அத்தடையை விரித்தது. அரை நூற்றாண்டுக் காலம் சென்றுவிட்டதே என்பது வேறு கதை.

மரக்கலத்தைக் கரையேற்றுவதிற் காலமே முதன்மையானது. வற்றுப்பெருக்கு மிகுந்த நாடுகளில், பெருக்கின்போது கலத்தைச் சுவரோரம் சார்த்தி, வற்றியதும் அடியைச் சுரண்டுவர். இலங்கைக் கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு; ஆகையால் அம்முறை இங்கு பெரிதும் உதவாது, இழுத்தேற்றவே வேண்டும். ஏற்றிய உடனே, ஈரம் காயுமுன், அடியைக் கழுவுதல் நன்று. காய்ந்த பாசியும் கொட்டலசும் கல்லைப்போல் இறுகிவிடும். பழைய மையைத் தேய்ப்பவன் நீர் தொட்டே தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நஞ்சு. கீழே படங்கு விரித்துச் சுரண்டலைச் சேர்த்தெடுக்காவிடில், அது மழையோடு மீண்டும் கடலுக்கே போகும்.

பின்னர் பலகை இடுக்குகளைப் பார்த்து, தளர்ந்த இடங்களிற் பஞ்சு அடைத்துக் கலப்பற்றுச் செய்து மை பூசுவர். சுக்கானருகே துத்தநாகக் கட்டி ஒன்று திருகப்பட்டிருக்கும். டேவியின் அதே துத்தநாகந்தான். இங்கு அது பணிபுரிவது மற்ற உலோக உறுப்புகளுக்காக. புதிதாக வேலைக்கு வந்த பையன் அழகு கருதி அதன்மீதும் மை பூசிவிடுவதுண்டு. பூசினால் அது தேயாது. அதற்குப் பதிலாகச் சுழலியும் தண்டும் தேயும்.

வெயிலிற் பல கிழமை நின்ற பலகை சுருங்கிவிடுமாதலால், மை உரிய அளவு உலர்ந்ததும் கலத்தை இறக்கிவிடுவர். முதலிரவு இடுக்குகளிற் சற்று நீர் கசியும். பலகை ஊறிப் பருத்து இடுக்குகள் அடைபடும்வரை, ஒருவன் விளக்கோடு உள்ளே அமர்ந்து நீர் இறைத்துக்கொண்டிருப்பான்.