தோல்வி எனக்கு, வெற்றி உனக்கு

(மாதாப்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பும் ஈகையும் நல்ல தலைமையும் பிறரை எப்படி ஊக்குவிக்கின்றன என்று பேசும்படி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு மிகப் பெரியது. எனக்குக் கொடுத்த நேரமோ இருபது நிமிஷம். பின்பக்கத்திலிருந்து சாம்பார் வாசனை வேறு வர ஆரம்பித்துவிட்டது. ஆகவே புராணங்களுக்குள் நான் போகப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் முதல் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் பௌதிகம் படித்தவன். ஒரு காரியத்துக்குக் காரணம் இன்னது என்று கையால் தொட்டுக் காட்ட முடிந்தால்தான் எனக்குத் திருப்தி. ஒருவர் காட்டிய அன்பு இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்து, அவரிடமிருந்து மூன்றாமவருக்குப் போனதை வருஷம் தேதியோடு காட்டக் கூடிய ஒரு வரலாறு உண்டு. அதில் பாதி நம் ஹைதராபாதிலேயே நடந்தது.

1979ஆம் வருஷம் ஆகஸ்ட் 10ஆம் தேதி. நான் அரசாங்க வேலையில் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட் கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் தடுமாறியது. ஐந்தேகால் நிமிஷத்தில் எல்லாம் வங்காள விரிகுடாவில் போய் விழுந்துவிட்டது. அந்தத் திட்டத்தின் தலைவர் ராமேஸ்வரத்தைச் சேர்ந்த டாக்டர் அப்துல் கலாம். அப்போது அவருக்கு வயது 47. ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்பவர்கள் ஏராளமாக இருந்த காலம் அது.

அன்று பத்திரிகையாளர்கள் கூடியிருந்தார்கள். கலாம் தயங்கி நின்றார். இஸ்ரோவின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் தாமே போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார். தோல்விக்குத் தாம் பொறுப்பு என்றார். தம் குழுவின் மீது நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை ஜெயிப்போம் என்றார். கலாம் இதைப் பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பதினோரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18ஆம் தேதி, அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணி என்ற 35 கிலோ செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. மறுபடியும் பத்திரிகையாளர்கள் கூட்டம். இம்முறை தவான் கலாமைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீயே போய்ப் பேசு என்று அனுப்பிவிட்டார்.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வாட்ஸப்பில் வாரம் ஒரு முறை வருகிறது. கலாம் பெயரில் வருகிற மற்ற கதைகளில் எது நிஜம், எது இட்டுக்கட்டியது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே அவரே எழுதிய அல்லது மேடையில் சொன்ன விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த நிகழ்ச்சியில் இரண்டு பாதி இருக்கிறது. எல்லோரும் முதல் பாதியைத்தான் மெச்சுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாவது பாதிதான் கஷ்டம். தோல்வியைத் தாங்கிக்கொள்பவருக்குத் தியாகி என்ற பெயராவது கிடைக்கும். வெற்றி வரும்போது நாற்காலியை விட்டு எழுந்து வழிவிடுகிறவரைப் புகைப்படத்தில்கூடத் தேட வேண்டியிருக்கும்.

முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அரசாங்க அலுவலகத்தில் மெமோ மேலிருந்து கீழே போகும், பாராட்டு கீழிருந்து மேலே போகும். இது எழுதாத விதி. ஒரே ஒருவர் இதை மாற்றிச் செய்து நான் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு தணிக்கை ஆட்சேபணையில் எங்கள் பிரிவு குமாஸ்தா ஒருவரிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எங்கள் மேலதிகாரி அதைத் தம் மேஜையிலேயே வைத்துக்கொண்டு, "கடைசிக் கையெழுத்து என்னுடையது, பதிலும் என்னுடையது" என்று எழுதி அனுப்பினார். அந்த மாதக் கணக்கு முடிக்க, யாரும் கேட்காமலே எங்கள் பிரிவில் இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரிந்தது.

தவான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பழியைத் தாம் ஏற்றார் என்றால் தவறை மூடி மறைத்தார் என்று பொருள் கொள்ளக் கூடாது. வெளியார் முன்னால்தான் அவர் குடை பிடித்தார். உள்ளே ஆராய்ச்சி கடுமையாகவே நடந்தது. இரண்டாம் கட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஒரு வால்வு சரியாக மூடாமல், நைட்ரிக் அமிலம் புறப்படுவதற்கு முன்பே கசிந்து தீர்ந்திருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் கலாம் தாமே எழுந்து, கசிவு தெரிந்தபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும், பொறுப்பு என்னுடையது என்றார். மேலே இருப்பவர் முந்திக்கொண்டு ஏற்கும்போது, கீழே இருப்பவருக்கும் ஒப்புக்கொள்ளத் தைரியம் வருகிறது. பயமுறுத்தினால் அந்த வால்வு விஷயம் இன்னும் ஒரு வருஷம் வெளியே வந்திருக்காது.

அன்றைய தினம் பற்றிக் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கும் இன்னொரு சிறு விஷயம் உண்டு. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லாமல், உடலும் மனமும் ஓய்ந்துபோய், அவர் தம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். சாயங்காலம் ஆகும்போது யாரோ மெதுவாக எழுப்புகிறார்கள். பார்த்தால் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் டாக்டர் பிரம்ம பிரகாஷ். சாப்பிடப் போகலாமா என்று கேட்கிறார். அதற்கு முன்பே இரண்டு தடவை வந்து, தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். அது மட்டுமல்ல, தாமும் சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறார். அவருக்கு அப்போது வயது 66க்கு மேல். ராக்கெட் கடலில் விழுந்த தினத்தில் இயக்குநருக்கு எத்தனை தொலைபேசி, எத்தனை தந்தி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு நடுவே, தோற்றுப்போன ஒருவன் எழுந்து வந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு பெரியவர் பசியோடு காத்திருக்கிறார்.

இப்போது ஹைதராபாதுக்கு வருவோம். 1982 ஜூன் மாதம் கலாம் இங்கே கஞ்சன்பாக்கில் இருக்கும் டி.ஆர்.டி.எல். பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்துக்கு இயக்குநராக வந்தார். நாம் இப்போது கூடியிருக்கும் மாதாப்பூர் அன்றைக்குப் பாறையும் புதரும்தான். சைபர் டவர்ஸ் வந்ததே 1998ல். அந்தக் கூடத்தில் முன்பு எடுத்த ஒரு ஏவுகணைத் திட்டம் பாதியில் கைவிடப்பட்டு, விஞ்ஞானிகள் சோர்ந்து போயிருந்தார்கள். கலாமும் டாக்டர் வி.எஸ். அருணாசலமும் தயங்கித் தயங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஏவுகணைகளைச் செய்யும் திட்டத்தோடு டெல்லிக்குப் போனார்கள். அப்போது ராணுவ மந்திரி நம் ராஜாமடம் ஸ்ரீ ஆர். வெங்கட்ராமன் அவர்கள். ஏன் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாவற்றையும் சேர்த்தே செய்யுங்கள் என்று அவர் சொன்னதும் இவர்களுக்கே மூச்சு நின்றுவிட்டதாம். 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு 1983 ஜூலை 27ஆம் தேதி திட்டம் தொடங்கியது. ஈகை என்று தலைப்பில் ஒரு சொல் இருக்கிறதே, அது சொந்தப் பணத்தை மட்டும் குறிப்பதல்ல என்பது என் கட்சி. கேட்டதற்கு மேல் நம்பிக்கை வைப்பதும் ஒரு கொடைதான். அரசாங்கத்தில் அது பணத்தைவிட அபூர்வமாகக் கிடைக்கும் பொருள்.

ஐந்து ஏவுகணைகளில் அக்னிதான் பெரியது. அதன் திட்ட இயக்குநர் ராம் நாராயண் அகர்வால், 2024ல் இதே ஊரில் காலமானார். 1989 ஏப்ரல் 20ஆம் தேதி ஒரிஸாவின் சாந்திப்பூரில் அக்னியைச் செலுத்த நாள் குறித்தார்கள். கடைசி விநாடிகளில் கணினி நிறுத்திவிட்டது. மே 1ஆம் தேதி மறுபடியும் முயன்றார்கள், மறுபடியும் நின்றது. பத்திரிகைகளில் கேலிச் சித்திரங்கள். அமுல் வெண்ணெய்க்காரர்கள் கூட விளம்பரப் பலகையில், அக்னிக்கு எங்கள் வெண்ணெயை எரிபொருளாகப் போடுங்கள் என்று பரிகாசம் செய்தார்கள்.

கலாம் என்ன செய்தார்? இங்கே ஹைதராபாதில் ஆராய்ச்சிக் கூடத்தின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களையும் கூட்டிப் பேசினார். என் ராக்கெட் கடலில் விழுந்தது, அதிலிருந்தே மீண்டு வந்தேன். உங்கள் ஏவுகணை கண் முன்னால் பத்திரமாக நிற்கிறது, சில வார வேலையைத் தவிர நீங்கள் எதையும் இழக்கவில்லை என்று தைரியம் சொன்னார். கவனியுங்கள். பத்து வருஷத்துக்கு முன் தவானிடமும் பிரம்ம பிரகாஷிடமும் வாங்கியதை வட்டியோடு இங்கே இறக்கி வைக்கிறார். மே 22ஆம் தேதி காலை அக்னி பறந்தது. முந்தின இரவு, நாளை ஜெயித்தால் என்ன வேண்டும் என்று ராணுவ மந்திரி கே.சி. பந்த் கேட்டபோது, எங்கள் புதிய ஆராய்ச்சி மையத்தில் நடுவதற்கு ஒரு லட்சம் மரக்கன்று வேண்டும் என்றாராம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இங்கிருந்து மெட்ரோவில் ஏறி அமீர்பேட்டில் மாறினால் போதும். பஞ்சாகுட்டாவில் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. அங்கே எலும்பு மருத்துவர் ஒருவர் கலாமின் ஆராய்ச்சிக் கூடத்தைப் பார்க்க வந்தார். அக்னி திரும்பிக் காற்று மண்டலத்தில் நுழையும்போது 2,500 பாகைக்கு மேல் சூடு தாங்க வேண்டும். அதற்காகக் கார்பனைக் கொண்டு ஒரு பொருள் செய்திருந்தார்கள். எஃகின் அடர்த்தி 7.8 என்றால் இந்த வகைப் பொருள்களுக்கு இரண்டுக்கும் கீழ்தான். அதைக் கையில் தூக்கிப் பார்த்த மருத்துவர் அதிசயப்பட்டு, கலாமைத் தம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னஞ்சிறு குழந்தைகள், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். என் நோயாளிகளின் வலியைப் போக்குங்கள் என்று மருத்துவர் கேட்டார். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் காலிப்பர் தயாராயிற்று. குழந்தைகளால் நம்ப முடியவில்லை, பெற்றோர் கண்ணில் நீர். தம் வாழ்க்கையின் பெரிய ஆனந்தங்களை எண்ணிச் சொல்லும்போது, ராக்கெட், ஏவுகணைகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம்.

அரசாங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஏவுகணைக் கூடத்துக் காரியாலய உத்தரவு எதிலும் காலிப்பர் செய்யும் வேலை இருந்திராது. அந்த மூன்று வாரத்தை யார் எந்தக் கணக்கில் எழுதினார்கள்? எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அது நம்மைத் தொடுகிற விஷயம். கலாம் ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது சிவசுப்ரமணிய ஐயர் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியர். ஆசாரமான குடும்பம். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டிச் சொல்லிக்கொடுத்தவர். (தவானும் பிற்காலத்தில் புலிகாட் ஏரிப் பறவைகளைக் கவனித்து, அவை பறக்கும் விதம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் என்பது தனிச் சுவாரஸ்யம்.) ஒரு நாள் அவர் கலாமைத் தம் ஆத்துக்குச் சாப்பிட அழைத்தார். மடி சமையலறையில் ஒரு முஸ்லிம் பையனா என்று அவர் மனைவி பதறிப்போய், பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை. மனைவியை எல்லார் முன்னும் கடிந்துகொள்ளவும் இல்லை. தாமே கையால் பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது ஐயர், அடுத்த வாரமும் வா என்றார். பையன் தயங்கினான். ஒரு வழக்கத்தை மாற்றுவது என்று தீர்மானித்தால் இதையெல்லாம் சந்திக்கத்தான் வேண்டும் என்று தைரியம் சொன்னார். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாள் தாமே சமையலறைக்குள் அழைத்துப் போய்த் தம் கையால் பரிமாறினார்.

இந்தக் கதையை நாம் சொல்லும்போது ஐயரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம். நம்மவர் ஒருவர் கலாமை உருவாக்கினார் என்று சங்கக் கூட்டங்களில் கைதட்டுகிறோம். எனக்கு அந்த அம்மாளின்மேல்தான் மதிப்பு அதிகம். ஐயர் ஏற்கெனவே மாறியவர். பிறந்ததிலிருந்து பழகிய ஒன்றை ஏழே நாளில் விட்டவர் அவர் மனைவி. அதற்கு அவருக்கு யாரும் உபதேசம் செய்ததாகக் கலாம் எழுதவில்லை. கணவர் ஒரு சிறுவனோடு உட்கார்ந்து சாப்பிட்டதைக் கதவிடுக்கில் பார்த்தார், அவ்வளவுதான். இது நடந்தது 1940களில். இன்றைக்கு மாதாப்பூர் அடுக்கு மாடிகளில், வேலை செய்கிற அம்மாவுக்கென்று ஜன்னலோரத்தில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நேரமாகிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கீழே கார் நிறுத்துமிடத்தில் நம்மை அழைத்து வந்த டிரைவர்கள் பதினைந்து, இருபது பேர் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். நம் பந்தியெல்லாம் முடிந்தபின் அவர்களுக்குப் பொட்டலம் கொடுப்பதாக ஏற்பாடு. அவர்களையும் முதல் பந்தியிலேயே நம்மோடு உட்கார வைக்கலாமா என்று பேசுவதற்கு முன்பே செயலாளரிடம் கேட்டேன். இலை போதுமா என்று சமையற்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பதிலை எதிர்பார்த்து, இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்.