மூன்று வாரக் கம்மல்

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பஸ் கண்டக்டர்கள் இருக்கிறீர்கள், சந்தையில் கூவி விற்கும் தாய்மார்கள் இருக்கிறீர்கள். குரலை வைத்துப் பிழைப்பவர்கள் நாம். தொண்டை கம்மினால் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறோம், மிளகுப்பால் குடிக்கிறோம். குடியுங்கள், தப்பில்லை. ஆனால் மூன்று வாரமாகியும் கம்மல் விடவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் அவ்வளவு அவசரம்? குரல்நாணில் ஒரு சிறு தடிப்பு வந்தாலே குரல் மாறிவிடும். அது புற்றாகவே இருந்தாலும், அங்கே நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் தொடக்கத்தில் கழுத்துக்குப் பரவுவது அரிது. அப்போதே பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறார்கள், குரல்வளையை இழக்காமல்!

முன்பு அப்படியில்லை. 1873இல் வியன்னாவில் பில்ராத் என்ற அறுவை மருத்துவர் ஒரு புற்றுநோயாளியின் குரல்வளையையே முழுதாக எடுத்தார். கழுத்தில் துளை, அதன் வழியே மூச்சு. உயிருக்கு விலையாகக் குரலைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்!

அந்த நிலையை மாற்றிய கருவிகளில் ஒன்று கார்பன் டை ஆக்சைடு லேசர். அதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் யார் தெரியுமா? மராட்டியத்துப் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்த குமார் படேல்! அந்தக் கதிரைக் குரல்வளைக்குள் செலுத்திய அனுபவத்தை பாஸ்டன் மருத்துவர்கள் ஸ்ட்ராங்கும் ஜாக்கோவும் 1972இல் வெளியிட்டார்கள். திசுவில் உள்ள நீர் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அது ஆழம் போகாமல், பட்ட இடத்தை மட்டும் ஆவியாக்குகிறது. சிறு ரத்தக்குழாய்களை அப்போதே அடைத்தும்விடுகிறது. வாய் வழியே ஓர் உலோகக் குழாய், மேலே மைக்ராஸ்கோப், அவ்வளவுதான். கழுத்தில் கத்தி படுவதில்லை. எவ்வளவு திசு போகிறதோ அந்த அளவுக்குக் குரலில் கரகரப்பு மிஞ்சலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். லேசருக்கு ஏற்காத இடமென்றால், சில வாரக் கதிர்வீச்சும் குரலைக் காக்கும்.

நோய் முற்றியவர்களுக்கும் வழியிருக்கிறது. 332 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. முதலில் கீமோ, பிறகு கதிர்வீச்சு என்று சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குரல்வளை தப்பியது. உயிர் பிழைப்பதும் குறையவில்லை.

வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிற அப்பாவோ மாமாவோ கம்மலோடு திரிந்தால், கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள். முழு மயக்கம் வேண்டாம், சில நிமிட வேலை.