மறந்து வந்த துப்பாக்கி



மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்ட முதியவர் ஒருவர், இல்லாத கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்த கல்லூரி மாணவன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பான். பழகிய பொருள் போய்விட்டாலும், அது இருந்த இடத்தைக் கை மறப்பதில்லை. இவற்றைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால், 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு முதியவரின் கை இவ்வாறு தேடியதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை தேடியது ஒரு கைத்துப்பாக்கியை.

என் மகள் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்துக்கு அருகில் குடியிருக்கிறாள். அவளுடன் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். தம் தோட்டத்துத் தக்காளியைக் கூடையில் கொண்டுவந்து கொடுத்துத் தாமாகவே என்னிடம் நட்புக் கொண்டார். சனிக்கிழமைதோறும் தம் காரில் என்னை அழைத்துச் செல்வார். செடி விற்கும் கடைக்குப் போவோம். பிறகு ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து பேசுவோம். என்னை அவர் 'ஆசிரியரே' என்று அழைத்தாரேயன்றி ஒருநாளும் பெயர் சொன்னதில்லை.

அவர் சட்டையை எப்போதும் கால்சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார். டெக்சாஸின் வெயில் நம் வேலூர் வெயிலுக்கு இளைத்ததன்று; அதற்காகத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தச் சட்டையின் கீழே, வலப்பக்க இடுப்பில், உறையிலிட்ட கைத்துப்பாக்கி இருந்தது என்பது மூன்று வாரம் எனக்குத் தெரியாது. தெரியாதிருப்பதுதானே மறைத்து வைத்திருப்பதன் இலக்கணம்!

எனக்குத் தெரிய வந்ததே, அது இல்லாத நாளில்தான்.

அன்று காலை அவர் ஏணி வைத்துத் தம் வீட்டுப் பீக்கன் மரத்தின் கிளைகளை வெட்டியிருக்கிறார். ஏறுவதற்கு முன் துப்பாக்கியைக் கழற்றி, பேரக்குழந்தைகள் வந்து போகும் வீடாகையால், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். பிறகு குளித்து உடைமாற்றிக்கொண்டு என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கார் பாதித் தூரம் வந்திருக்கும். அவர் வலக்கை சக்கரத்தை விட்டு இடுப்புக்குப் போயிற்று, மீண்டது, மறுபடியும் போயிற்று. முகம் வெளிறியது. உடல்நலம் இல்லையோ என்று அஞ்சி வினவினேன். சற்றே தயங்கிவிட்டு, உண்மையைச் சொன்னார். "மேலாடை இல்லாமல் நடுத்தெருவில் நிற்பது போல் இருக்கிறது, ஆசிரியரே" என்றார்.

திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். போகத்தான் விரும்பினார்; எனக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டார். கடைக்கே சென்றோம். அங்கே நான் கண்டது ஒரு புதிய மனிதரை. வழக்கமாக உட்காரும் சன்னலோர மேசையை விட்டுவிட்டு, சுவரில் முதுகு சாய்த்து வாயிலைப் பார்க்கும் இடத்தைத் தேடினார். தலையை மூடிய குல்லாச் சட்டையுடன் ஒரு வாலிபன் உள்ளே வந்தான். அவன் காப்பி வாங்கி, சர்க்கரை கலந்து, வெளியே போகும்வரை என் நண்பரின் கண்கள் அவன் கைகளை விட்டு அகலவில்லை. பின்பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்பதை எனக்குச் சுட்டிக்காட்டினார். சென்ற சனிக்கிழமை அதே கடை, ஏறத்தாழ அதே மனிதர்கள். குறைந்தது, இடுப்பில் ஒரு கிலோவுக்கும் உட்பட்ட இரும்பு ஒன்றே.

ஆசிரியர் வேலை பார்த்தவனுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. "இதை எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறீர்கள்?" என்றேன். "1996 முதல்" என்றார். "அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது இல்லாமல்தானே வாழ்ந்தீர்கள்? அப்போது இந்த அச்சம் இருந்ததா?" நெடுநேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "அப்போது என்னிடம் ஒன்று இல்லை என்பதே எனக்குத் தெரியாது" என்று சொன்னார்.

இந்த 1996 என்னும் ஆண்டு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு துயரக் கதை உண்டு. அதைக் கேளாமல் அந்த மனிதரை அஞ்சி நடுங்குபவர் என்று தீர்ப்பளிப்பது அறமாகாது.

ஆஸ்டினுக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில், கில்லீன் என்னும் ஊர் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், நண்பகல் உணவு நேரத்தில், அவ்வூரில் லூபிஸ் என்ற உணவகத்தின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஒருவன் தன் வண்டியை உள்ளே செலுத்தினான். இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் உயிரிழந்தனர். இறுதியில் அவன் தன்னையே சுட்டுக்கொண்டான்.

உணவருந்த வந்தவர்களுள் சுசன்னா ஹப் என்ற பெண்மணியும் ஒருவர். முதுகெலும்புச் சீரமைப்பு மருத்துவம் செய்பவர். தாயுடனும் தந்தையுடனும் அமர்ந்திருந்தார். மேசையைக் கவிழ்த்து அதன் பின்னே மூவரும் பதுங்கினர். சுசன்னாவின் கை தம் கைப்பையை நாடியது. அதில் வழக்கமாக ஒரு சுழல் துப்பாக்கி இருக்கும். ஆனால், மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய டெக்சாஸ் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் தொழில் உரிமம் போய்விடும் என்று அஞ்சி, சில மாதங்களுக்கு முன்புதான் அதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காரிலேயே வைக்கத் தொடங்கியிருந்தார். கார் வெளியே நின்றது. கை வெறுமையாகத் திரும்பியது. தந்தை, கொலைகாரனைப் பிடித்துவிடலாம் என்று பாய்ந்து சுடப்பட்டு வீழ்ந்தார். பின்புறத்துச் சன்னல் ஒன்றை ஒருவர் தம் உடலாலேயே மோதி உடைக்க, அவ்வழியே சுசன்னா தப்பினார். தாய் பின்தொடர்ந்து வருகிறார் என்று நினைத்தார். தாயோ கணவரை விட்டுவர மனமின்றி அவரருகிலேயே இருந்து உயிர் துறந்தார்.

அந்தத் துப்பாக்கி கைப்பையில் இருந்திருந்தால் அவர் கொலைகாரனைத் தடுத்திருப்பாரா? எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும், கைப்பைக்குள் சென்று ஒன்றுமின்றித் திரும்பிய அந்தக் கையை டெக்சாஸ் மறக்கவில்லை. சுசன்னா ஊர் ஊராகச் சென்று, சட்டமன்றக் குழுக்களின் முன் நின்று, தம் கதையைச் சொன்னார். 1995-இல் சட்டம் மாறியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அப்போது அம்மாநில ஆளுநர். அவரே அதில் கையொப்பமிட்டார். 1996 சனவரி முதல், பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, விரல்ரேகை கொடுத்தவர் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் சுசன்னாவும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என் நண்பர் அந்த முதலாண்டு உரிமதாரர்களுள் ஒருவர். கில்லீனில் அந்த உணவகத்தில் அவரும் பலமுறை உண்டவராம்.

திரைப்படங்களைப் பார்த்துவிட்டு, பழைய மேற்கு அமெரிக்காவில் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடு உலவினர் என்று நாம் நம்பியிருக்கிறோம். உண்மை வேறு. 1871-இலேயே டெக்சாஸ், கைத்துப்பாக்கியைத் தெருவில் எடுத்துச் செல்வதைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊரில், ஊருக்குள் வருபவர் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. 1881 அக்டோபர் 26-இல் நடந்ததாகப் படங்களில் ஓயாமல் காட்டப்படும் அந்தத் துப்பாக்கிச் சண்டை, அவ்விதியை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கப் போன இடத்தில் மூண்டதுதான். ஆகவே, என் நண்பர் பாட்டனார் காலத்துப் பழக்கத்தைத் தொடர்பவர் அல்லர். அவர் பாட்டனாருக்கு இல்லாத பழக்கம் அவருடையது.

பின்னர்க் கதவு மேலும் மேலும் திறந்தது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் 1791-ஆம் ஆண்டுத் திருத்தம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனிதனுக்கும் உரியது என்று 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியிலும் அவ்வுரிமை உண்டு என்று 2022-இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தால் விலக்கப்படாதவர்க்கு உரிமமும் தேவையில்லை. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கியைத் தொட முடியாது. நம்மில் பெரும்பாலோர் காவலர் இடுப்பிலன்றி அதை வேறெங்கும் கண்டதுமில்லை.

இனி, என் நண்பரிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி. டெக்சாஸிலும் எல்லா இடத்துக்கும் துப்பாக்கியோடு போய்விட முடியாது. பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது. வருவாயில் பாதிக்கு மேல் மதுவால் ஈட்டும் கடைகளின் வாயிலில் சிவப்பு எழுத்தில் 51 சதவீதம் என்று பலகை இருக்கும், அங்கும் கூடாது. தண்டனைச் சட்டத்தின் 30.06 என்ற பிரிவு எண்ணைத் தாங்கிய அறிவிப்பை வைத்து எந்தக் கடைக்காரரும் தடுக்கலாம். அத்தகைய இடங்களில் அவர் துப்பாக்கியைக் காரிலேயே பூட்டிவிட்டுத்தான் போகிறார். "பேத்தியின் பள்ளிக்குள் நுழையும்போதும் இப்படி அஞ்சுவீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. அங்கே சட்டம் எடுத்துவைக்கச் சொல்கிறது, வைக்கிறேன். இன்று மறந்தது நான். இன்று ஏதேனும் நடந்து, உங்களுக்கு ஒன்று நேர்ந்தால், உங்கள் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

எனக்குப் பேச்சு எழவில்லை. அவர் தம் உயிருக்காக நடுங்குகிறார் என்று எண்ணியிருந்தேன். கால்வாசி நடுக்கமே அது. மீதி முழுவதும் பொறுப்பின் பாரம். வாயிலைப் பார்க்கும் இடத்தைத் தாம் எடுத்துக்கொண்டது, நான் அதற்கு முதுகு காட்டி நிம்மதியாகக் காப்பி குடிக்க வேண்டும் என்பதற்காக. காவல்காரன் உறங்கிவிட்டால் வரும் குற்றவுணர்வு அது. அவரைக் காவலுக்கு வைத்தவர் எவருமில்லை என்பது வேறு செய்தி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவரிடம் என் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். தலைமையாசிரியனாக நான் பள்ளித் தாழ்வாரத்தில் நடக்கும்போது கையில் பிரம்பு இருக்கும். அடித்தது குறைவு, ஆனால் அது இல்லாமல் நடந்ததேயில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து உடல் தண்டனையைத் தடுத்தது. பிரம்பை அலுவலக அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு தாழ்வாரத்தில் இறங்கினேன். வலக்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாணவர் இருவர் சேர்ந்து சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நேராக என்னை நோக்கி வந்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் ஓரடி பின்வாங்கினேன். அவன், தாய்க்குக் காய்ச்சல் என்றும் வீட்டுக்குப் போக விடுப்பு வேண்டும் என்றும் கேட்டான். இரண்டாண்டுகள் என் பள்ளியில் படித்தவன், என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது அதுவே முதல் முறை.

நண்பர் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உங்கள் மாணவர்களிடம் துப்பாக்கி இல்லையே, ஆசிரியரே" என்றார்.

சரியான விடைதான். என் உவமை அந்த இடத்தில் நொண்டிவிட்டது. எதிரே வருபவனிடமும் இருக்கலாம் என்ற நாட்டில், தன்னிடம் இல்லாத அச்சத்தை வெறும் மனப்பிரமை என்று எப்படிச் சொல்வது? ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் ஆசிரியன் எழுதிக் காட்ட வேண்டும். 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றவர் அந்நியர் அல்லர். அவர்கள் தாமே தம்மை மாய்த்துக்கொண்டவர்கள். நான் அங்கிருந்த 2023-ஆம் ஆண்டில், விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பயணிகளின் கைப்பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பிடிபட்டவர் பலரும் சொல்லும் காரணம், பையில் இருந்ததை மறந்துவிட்டோம் என்பதே. ஒருவர் இல்லாததை நினைத்து நடுங்குகிறார். மற்றவர் இருப்பதையே மறந்துவிடுகிறார். இவ்விரு மறதிகளில் எது பெரிய ஆபத்து என்று என் நண்பரைக் கேட்டிருக்கலாம். அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க மனம் வரவில்லை.

நான் ஊர் திரும்புமுன் அவரை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தோம். தன் வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்பது என் மகளின் கட்டளை; அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவரோ நான் சொல்லாமலே, வாயிலில் நின்று சட்டையைச் சற்றுத் தூக்கி வெற்று உறையைக் காட்டினார். காரில் பூட்டிவிட்டு வந்திருந்தார். சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பேச்சின் நடுவே அவர் வலக்கை இருமுறை இடுப்புக்குப் போய்வந்தது; நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். உணவு மேசையில் வாயிலைப் பார்க்கும் நாற்காலியை மட்டும், எவரும் உட்காரா வண்ணம், முன்னரே அவருக்காக ஒதுக்கி வைத்திருந்தேன்.