சங்கீதத்தைப் பற்றி எழுதி வாழ்தல்

(நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கீதத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுதலும், அது குறித்து நூல் இயற்றுதலும், அவற்றையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளுதலும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்குக் கச்சேரி மண்டபத்தில் என்ன வேலை என்று பின்வரிசையில் இருப்போர் நகைத்தல் கூடும். காரணம் உண்டு. பொறியியற் பட்டம் பெற்ற தம் மைந்தன், கைக்கு வந்த உத்தியோகத்தை வேண்டாவென விலக்கிச் சங்கீத விமரிசகனாகப் போவதாகப் பிடிவாதம் செய்கின்றான் என்று நம் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் எம்மிடம் கூறி வருந்தினார். பிள்ளை எம்மிடம் பயின்றவன். நல்ல செவியும் நல்ல தமிழும் வாய்க்கப்பெற்றவன். தந்தையின் அச்சத்தைப் பழிக்கவும் எமக்கு மனம் வரவில்லை. மைந்தனின் ஆர்வத்தை அவிக்கவும் மனம் வரவில்லை. ஆதலின், இத்துறையில் பெயர் நாட்டியவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதை ஆராயத் தலைப்பட்டோம்.

முதற்கண் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்ப் பண்டிதன் கணக்குப் பார்க்கலாகாது என்று தொல்காப்பியத்தில் விதி இல்லை. நூலின் விலையில் நூற்றுக்குப் பத்து அளவில் ஆசிரியர்க்குப் பங்கு தருதல் பதிப்பகத்தாரிடைப் பெரும்பாலும் வழக்கம். 300 ரூபாய் விலையுள்ள நூல் 1,000 படிகள் விற்றால் 30,000 ரூபாய் வரும். அந்நூலை எழுத ஐந்தாண்டு சென்றதெனின், திங்கள் ஒன்றுக்கு 500 ரூபாய் ஆயிற்று. வீட்டு வாடகை கொடுப்பவர் எவரும் இதற்குமேல் விளக்கம் வேண்டார்.

எனினும் பெருநூல்கள் எழுதப்பட்டே வந்திருக்கின்றன. 'கருணாமிர்த சாகரம்' என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். 1917-ஆம் ஆண்டில் வெளிவந்த அஃது ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. அதனை இயற்றிய ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் சாம்பவர் வடகரையிற் பிறந்தவர்; தஞ்சைக்குப் பள்ளி ஆசிரியராக வந்து, பின்னர் அவ்வேலையை விடுத்துச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருந்து விற்றுப் பொருள் குவித்தார். அப்பொருளைக் கொண்டு 1912 முதல் தஞ்சையில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். சுருதிகள் இருபத்திரண்டு என்று சாரங்கதேவரைப் பின்பற்றிப் பலரும் கூறிவந்த காலத்தில், அவை இருபத்துநான்கே என்று சிலப்பதிகாரத்தைத் துணைக்கொண்டு வாதித்தார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டிலே தம் புதல்வியரை இசைக்கச் செய்து தம் கொள்கையை நிறுவ முற்பட்டார். (இத்துறை ஆண்மக்களுக்கே உரியது என எண்ணும் தாய்மார்கள் இதனைக் கருதுக.) அவர் முடிபுகளை எல்லோரும் ஏற்றாரல்லர், யாமும் முழுவதும் ஏற்கின்றோமில்லை. ஆயின் ஒரு பிரபுவின் முகத்தையோ ஒரு வித்துவானின் முகத்தையோ பாராமல் அவர் எழுதியதற்கு அவருடைய மருந்துப் பெட்டியே காரணம் என்பதில் எமக்கு ஐயம் இல்லை.

மகாமகோபாத்தியாயர் உ.வே. சாமிநாதையரை ஏட்டுச் சுவடிகளோடு வைத்தே நாம் நினைக்கின்றோம். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். ஐயரவர்களும் இளமையில் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் கற்றார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அதனை விரும்பாமையறிந்து நிறுத்திக்கொண்டார். ஆயினும் கேட்டவற்றை மறந்தாரல்லர். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின்னர், 1936-இல், எண்பது வயது கடந்த நிலையில், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவர் சரித்திரங்களையும் வெளியிட்டார். தந்தையார் வாயிற் கேட்டதும் தாம் நேரிற் கண்டதும் அறுபது ஆண்டுக்கு மேல் நெஞ்சில் இருந்து நூலாயின. அம்மூன்று சிறு நூல்களும் இன்றேல், அப்பெரியோர்கள் எவ்வாறு பாடினார்கள், எவரிடம் சினந்தார்கள், எதற்கு மகிழ்ந்தார்கள் என்பனவற்றுட் பெரும்பகுதி அழிந்தே போயிருக்கும்.

பத்திரிகை விமரிசனத்தைப் பல்லாயிரம் பேர் விரும்பிப் படிக்கும் பகுதியாக்கியவர் கல்கி. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதி, ஸ்வரம் அறியாதவரும் கச்சேரியைப் பற்றிப் பேசுமாறு செய்தார். அவரும் சங்கீதம் எழுதியே வாழ்ந்தவரல்லர். கதையும் கட்டுரையும் எழுதிப் பத்திரிகையை நடத்தியவர். தில்லியிலிருந்து ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பல்லாண்டு எழுதி 2007-இல் மறைந்த சுப்புடுவோ மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர். ஆர்மோனியம் வாசிக்கவும் வல்லவர். அவர் பேனாவுக்கு அஞ்சாத வித்துவான்கள் சிலரே. சபைக்காரர் சினந்தால் அவர் வீட்டில் அடுப்பெரியாது என்ற நிலை இருந்திருப்பின், அப்பேனா அவ்வளவு கூர்மையாக இருந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

யாம் அந்த அன்பர்க்கும் அவர் மைந்தனுக்கும் கூறியது இதுதான். உத்தியோகத்தை விடுதல் துணிவு என்று இளைஞர் கருதுகின்றனர். விட்ட மறுதிங்களே வாடகைக்காகப் பாராட்டுரை எழுத நேரும். வித்துவானின் பிறந்தநாள் மலருக்குக் கட்டுரை, சபையின் விழா மலருக்கு முன்னுரை, இலவசச் சீட்டு, சால்வை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருவர் கையால் உண்டவன் அவர் பாட்டில் சுருதி விலகியது என்று எங்ஙனம் எழுதுவான்? ஆதலின் பகலில் உத்தியோகம், இரவில் கச்சேரி, பத்தாண்டு பொறுமை. தந்தையாருக்கும் ஒரு சொல்: மைந்தன் கச்சேரிக்குச் செல்லும் மாலைகளை வீண்பொழுது என்று கணக்கெழுதாதீர்கள், கற்றலுக்குரிய காலம் அது.

கற்கவேண்டுவது யாது? சங்கீதத்தை ஓர் ஆசிரியரிடம் முறையாகப் பயிலல் வேண்டும். பாடகனாவதற்கு அன்று, செவி திருந்துவதற்கு. பின்னர்க் குறிப்பேடு. 'தேனாய் இனித்தது', 'செவிக்கு விருந்தாயிற்று' என்பன குறிப்பாகா. அவை பசியில்லாதவன் விடும் ஏப்பம். எந்த இராகம், எத்தனை நிமிடம் ஆலாபனை, எந்தக் கீர்த்தனம், காலப்பிரமாணம் நிலையாக நின்றதா, பிடில் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்பவற்றை அன்றிரவே எழுதல் வேண்டும். கடம் வாசித்தவர் பெயரை விட்டுவிடும் விமரிசனங்களை யாம் எண்ணிறந்தன கண்டிருக்கின்றோம். வேட்டி முழுதும் வியர்வையில் நனைய மூன்று மணி நேரம் வாசித்தவருக்கு அரை வரி கொடுத்தலும் அருமையாயிற்று! இத்தகைய குறிப்பேடுகள் இருபது சேர்ந்தால் அவற்றினின்று ஒரு நூல் தானே தலைநீட்டும்.

தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புதல்வரான பி.எம். சுந்தரம், நாகசுர, தவில் வித்துவான்களின் வரலாறுகளை ஊர் ஊராகத் திரட்டி 'மங்கல இசை மன்னர்கள்' என்னும் நூலாக்கினார். சென்னைச் சபைகளைப் பற்றி எழுதப் பலர் உளர். கோயில் வாயிலில் வாசித்தவர்களைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வாயில் அதுவே என்பது எம் கருத்து. அங்கே போட்டியும் குறைவு, வேலையும் மிகுதி.

நம்மூர்க் கோயிலில் எழுபது கடந்த நாகசுர வித்துவான் ஒருவர் இருக்கின்றார். கோடை விடுமுறையில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அவர் இல்லத்திற்கு வருவதற்கு இசைவு பெற்றுள்ளோம். வர விரும்பும் மாணவரும் மாணவியரும் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுக்க. நூறு பக்கக் குறிப்பேடு ஒன்றும் இரண்டு பேனாக்களும் கொண்டு வருக. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிப்பர் என்பதும், அது கம்பீரநாட்டை இராகத்தில் அமைவது என்பதும் அறிந்து வந்தால் நலம். அதனையும் அவரிடம் வினவி அம்முதியவரின் பொழுதைக் கழித்தல் ஆகாது.