லிங்கன் விட்டுக்கொடுத்த இடம்



லிங்கன் 1832-ல் இல்லினாய் சட்டசபைக்கும், 1858-ல் செனட்டுக்கும் நின்று தோற்றதை எல்லா மேடையிலும் சொல்வாங்க. நான் சொல்ல வந்தது 1855.

அப்போ செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநில சட்டசபைதான். முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 ஓட்டு. டிரம்புல்லுக்கு வெறும் 5. கட்சி வேறு, ஆனால் புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக்கூடாது என்பதில் இருவரும் ஒன்று. அந்த ஐந்து பேர் கடைசிவரை அசையவில்லை. ஒன்பதாவது சுற்றில் எதிரணிக்கு 47. ஜெயிக்க இன்னும் சில ஓட்டுகள்தான் பாக்கி. லிங்கன் யோசித்தார். தன் ஆட்களை டிரம்புல்லுக்கே போடச் சொல்லிவிட்டார். பத்தாவது சுற்றில் டிரம்புல் ஜெயித்தார்.

1864-ல் அடிமைமுறையை ஒழிக்கும் 13-வது திருத்தத்தை செனட்டில் கொண்டுவந்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே டிரம்புல்தாங்க!

தம்பிகளா, வேலையில் நமக்குப் பதவி வராமல் போகலாம். எடுத்த காரியம் நடந்ததா என்று பாருங்க.